செவலைக்குப் போட்ட முட்டைக்கட்டு

போன வாரம் தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் ஒரு லாப்ரடார் நாய் ஏறியது. நாய்கள் லிஃப்டில் வருவது இங்கே புதிதில்லை. வரலாமா கூடாதா என்று மாதாமாதம் வாட்ஸப்பில் ஒரு குருக்ஷேத்திரமே நடக்கும். ஆனால் இந்த நாய்க்குப் பின்தொடை முழுக்க மழிக்கப்பட்டிருந்தது. பழுப்பு மயிருக்கு நடுவே தோல் வெளுப்பாகத் தெரிய, அதன் மேல் நீளமாக ஒரு தையல். கூட வந்த பெண் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "குட்னே கா ஆபரேஷன், அங்கிள்" என்றாள். முட்டியில் பிளேட் வைத்திருக்கிறார்களாம். வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபியாம். தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடுகிற பட்டையில் நடக்க விடுவார்களாம். என் முட்டிக்கும் டாக்டர் பிசியோதெரபி எழுதிக் கொடுத்துத்தான் இருக்கிறார். நான் போகவில்லை, நாய் ஒழுங்காகப் போகிறது.

லிஃப்ட் கதவு மூடியதும் ஸ்பிரிட் வாசனையும் நாய் மயிர் வாசனையும் கலந்து குப்பென்று அடித்தது. அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. என் மாடியைத் தாண்டி மொட்டை மாடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வயசாகிவிட்டது, வேறென்ன. ஆனால் அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மொட்டை மாடி இல்லை. எழுபதுகளின் கடைசியில், சரோஜினி நகர் கவர்ன்மெண்ட் குவார்ட்டர்ஸில், அக்கா வீட்டு வராந்தா.

அப்போது நான் ஒரு அமைச்சகத்தில் புதுக் குமாஸ்தா. இரண்டு விரலால் டைப் அடித்து, அதிலும் ஒரு விரலுக்குப் பாதி நேரம் ஓய்வு கொடுத்து, எப்படியோ பரீட்சை தேறி தில்லிக்கு வந்து சேர்ந்திருந்தேன். அக்கா கல்யாணமாகி முன்னமே இங்கே வந்திருந்தாள். அத்தானுக்கும் சர்க்கார் உத்தியோகம். தரைத்தள வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு சின்ன முற்றம், முன்னால் ஒரு வேப்பமரம். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சைவ வீடு. வெங்காயம் வரும், பூண்டு வரும், முட்டை மட்டும் வாசலைத் தாண்டி வராது. நான் ஆபீஸ் கேண்டீனில் ஆம்லெட் தின்றுவிட்டு இரண்டு சோம்புப் பொட்டலம் மென்று வாயை மறைத்துக்கொண்டு வருவேன். அக்காவுக்குத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தான் நல்ல மனுஷர். பேச்சுதான் ரேஷன். காலையில் 'ம்', மாலையில் 'ம்ம்'. அக்காவோ வாயாடி. ஊரில் எங்கள் தெரு முழுக்க அவள் குரல் கேட்கும். அப்படிப்பட்டவள் தில்லிக்கு வந்து வீட்டுக்குள் முடங்கிப்போனாள். காரணம் ஒரு பஸ். வந்த புதிதில் யாரோ ஊர்க்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பியவள், முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தக் குவார்ட்டர்ஸ்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு, ஒரே புல்தரை. எந்த வீதியில் திரும்பினாலும் அவள் வீடு மாதிரியே ஒரு வீடு, உள்ளே மட்டும் வேறு யாரோ. பொழுது சாய்கிற வரை சுற்றியிருக்கிறாள். வழி கேட்க ஒரு ஹிந்தி வார்த்தை கிடையாது. கடைசியில் அத்தான் தேடிக் கண்டுபிடித்தபோது ஒரு பால் பூத் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாளாம். அதற்கப்புறம் அவள் வராந்தாவைத் தாண்டவில்லை. காய்கறி, பால், ரேஷன் எல்லாம் அத்தான். நான் வந்து சேரும்போது அவள் அப்படியே சில வருஷங்களை ஓட்டியிருந்தாள். பிள்ளை குட்டியும் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

அப்போதுதான் செவலை வந்தது. ஒரு குளிர்காலத்தில், பின்பக்கச் சாக்கடையோரம் ஒரு தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்று, நடுங்கிக்கொண்டே முற்றத்துக்குள் வந்து கரியடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. செம்பழுப்பு நிறம். அக்கா செவலை என்றாள். மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளை எல்லாரும் பீஜி என்போம். அந்த பீஜி, "பூரா" என்றாள். இரண்டும் நிறத்தைத்தான் சொல்கிறது. நாயும் இரண்டுக்கும் வால் ஆட்டியது.

அத்தான் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ரேஷனை மீறி ஒரு முழு வாக்கியம் பேசினார். "ஏட்டி, இது தெருநாய்ட்டி."

"நாம மட்டும் என்ன அரமனையிலயா இருக்கோம்?" என்றாள் அக்கா. அதோடு முடிந்தது.

நாய் வளர்ந்தால் வெளியே கூட்டிப்போக வேண்டுமே. காலையில் நாங்கள் இருவரும் ஆபீசுக்கு ஓடுகிற அவசரம். செவலையும் வேறு யார் சங்கிலியைப் பிடித்தாலும் ஓர் அடி நகராமல் உட்கார்ந்துவிடுவான். வேறு வழியில்லாமல் அக்கா வராந்தாவைத் தாண்டினாள். முதலில் வேப்பமரம் வரை. பிறகு புல்தரை. பிறகு மார்க்கெட் முனை. நாய்க்கு வழி தெரியும் என்ற தைரியம். எங்கே போனாலும் அவன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். வழியில் நாயைப் பார்த்து நாலு பேர் பேசுவார்கள். நாயோடு பேசிப் பேசித்தான் அக்கா ஹிந்தி கற்றாள். அதனால் அவள் ஹிந்தியே ஒரு மாதிரி. 'பைட்', 'சல்', 'ஹட்', 'சுப்', 'இதர் ஆ'. உட்காரு, நட, தள்ளிப் போ, வாயை மூடு, இங்கே வா. மரியாதை விகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஒருதடவை அத்தானுடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்தபோது, நாற்காலியைக் காட்டி அன்பாக "பைட்" என்றாள். அந்த மனுஷர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

மாலை ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் பழைய அக்கா தெரிவாள். எந்த வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் வெண்டைக்காய் பிஞ்சு என்று ஒரே பேச்சு. அத்தான் 'ம்' சொல்லக்கூட இடைவெளி கிடைக்காது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விபத்து நடந்ததும் அப்படி ஒரு மாலையில்தான். மார்க்கெட் ரோட்டில் ஒரு ஆட்டோ வேகமாகத் திரும்பி செவலையின் இடுப்பில் மோதிவிட்டது. அக்கா போட்ட கூச்சலுக்கு மார்க்கெட்டே கூடியதாம். ஒரு பழ வண்டிக்காரர் தள்ளுவண்டியில் நாயை வைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். பின்னங்கால் ஒன்று துணி மாதிரித் தொங்கியது. அவன் குரைக்கக்கூட இல்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான்.

மாட்டாஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் "நஹி பாய்" என்று ஓட்டிக்கொண்டு போனார்கள். அத்தான் உள்ளே போய் ஹோல்டாலை எடுத்துக்கொண்டு வந்தார். ஹோல்டால் தெரியுமில்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மெட்ராஸ் ரயிலில் ஊருக்குப் போகும்போது மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுருட்டி வாரால் கட்டுகிற காக்கிக் கித்தான். விரித்தால் படுக்கை, சுருட்டினால் மூட்டை. தில்லித் தமிழன் ஒவ்வொருவன் வீட்டிலும் பரணில் ஒன்று கிடக்கும். ஆனால் நாயை அதில் கிடத்தி, இந்தப் பக்கம் அத்தானும் அந்தப் பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு போனது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். சாமான் என்று நினைத்து ஒரு ஆட்டோ நின்றது. உள்ளிருந்து செவலை தலையைத் தூக்கியபோது வண்டி பாதி தூரம் வந்துவிட்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் வாசனைதான் எனக்கு லிஃப்டில் அடித்தது. வராந்தாவில் ஒரு எருமை, இரண்டு டோங்கா வண்டிக் குதிரைகள், யாரோ பெரிய வீட்டு அல்சேஷன், அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டை டிரைவர். நடுவில் ஹோல்டாலோடு நாங்கள் மூன்று பேரும். டாக்டர் ஒரு பெங்காலி. குட்டையாக, கோபக்காரராக, காதில் மயிர் வைத்துக்கொண்டு இருந்தார். எல்லாரையும் திட்டினார். எருமைக்காரரைத் திட்டினார், டிரைவரைத் திட்டினார், அல்சேஷனையும் திட்டினார். செவலையின் இடுப்பைத் தொடும்போது மட்டும் அவர் கை அவ்வளவு மெதுவாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

இடது கை விரல்களைக் கிண்ணம் மாதிரிக் குவித்து, வலது கை முஷ்டியை அதற்குள் வைத்தார். இடுப்புக் குழி இது, தொடை எலும்பின் குண்டு இது என்றார். குண்டு கழுத்தோடு முறிந்து குழியை விட்டு வெளியே வந்துவிட்டது. கம்பி வைத்துச் சேர்க்க முடியாத இடம். இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, கஷ்டப்படாமல் போக ஊசி. இன்னொன்று, அந்தக் குண்டையே வெட்டி எடுத்துவிடுவது.

"குண்டை எடுத்துட்டா பிறகு கால் எதுல நிக்கும்?" என்று அத்தான் என்னைக் கேட்டார். ஹிந்தியிலும் அவர் பேச்சு ரேஷன்தான், நான் அதை டாக்டரிடம் கேட்டேன்.

சதையில் நிற்கும் என்றார் டாக்டர். எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவில் நாரும் சதையும் வளர்ந்து தானே ஒரு மூட்டு மாதிரி ஆகிவிடுமாம். மனுஷனைவிட நாய்க்கு இது நன்றாகவே வேலை செய்யுமாம். ஆனால் ஒரு நிபந்தனை. தையல் பிரித்ததும் நடக்க வைக்க வேண்டும். தினமும், கொஞ்சம் கொஞ்சமாக, கூட்டிக் கூட்டி. "சலானா படேகா" என்று மூன்று பேர் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் பலமாகத் தலையாட்டினோம்.

ஆபரேஷன் முடிந்து செவலை வீட்டுக்கு வந்தான். தையலும் பிரித்தாயிற்று. ஆனால் காலை ஊன்றவே இல்லை. வயிற்றோடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றான். அக்கா சங்கிலியைப் பிடித்து ஓர் அடி நகர்த்தினால், கீ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"ஏல தம்பி, கட்டே போடாம அனுப்பியிருக்காவளே. கட்டு இல்லாம எலும்பு எப்படில கூடும்?"

"டாக்டர் நடக்க வைக்கணும்னுதானே சொன்னாரு?"

"அவ்வொ சொல்லுவாவ. அவ்வொளுக்கென்ன, வலி இவனுக்குல்லா? ஒனக்குக் கால் ஒடஞ்சப்போ ஒன்னய நடக்கவா விட்டோம்?"

வாஸ்தவம்தான். சின்ன வயசில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து நான் காலை ஒடித்துக்கொண்டபோது, கட்டு போட்டு மாசக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்தி வைத்திருந்தார்கள். எலும்பு என்றால் கட்டு, கட்டு என்றால் அசையக் கூடாது. எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் வேறு மாதிரி யோசிக்க வராது. டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் அவர் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருப்பார் என்று ஒருத்தர்கூட நம்பவில்லை. இது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "முட்டை வாங்கிட்டு வா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் வைத்தியர் போடுகிற கட்டுதான். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்குவது. பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறாள். வாழ்நாளில் முட்டையைத் தொடாதவள், முற்றத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக உடைத்தாள். உடைத்த லட்சணத்தில் பாதி மஞ்சள் கருவும் சேர்ந்தே விழுந்தது. "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே குழைத்தாள்.

மூங்கில் பத்தைக்குத் தில்லியில் எங்கே போவது? அன்றைக்குத் துணியை மட்டும் சுற்றிவைத்தோம், அத்தான் யோசித்தார். மறுநாள் ஆபீஸ் பையிலிருந்து இரண்டு மர ஸ்கேல்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் அதிர்ந்துபோனேன். ஆபீஸ் குண்டூசி ஒன்று சட்டையில் மாட்டி வந்துவிட்டால்கூட மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற மனுஷர் அவர். நான் வாயைத் திறப்பதற்குள், "திருப்பிக் குடுத்துருவேன்" என்றார்.

இப்படியாக பாரத சர்க்காரின் இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவில் செவலையின் கால் சிறைப்பட்டது. அதோடு விட்டோமா? அவன் தரையிலேயே கால் வைக்கக் கூடாது என்று டியூட்டி வேறு போட்டுக்கொண்டோம். காலையில் அத்தானும் நானும் ஹோல்டாலில் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொள்வோம். பகலில் பீஜியும் அக்காவும். சாயங்காலம் மறுபடியும் நாங்கள். குளிருக்கு பீஜி ஒரு பழைய ரஜாய்ப் போர்வையையே கொடுத்துவிட்டாள். மஞ்சள் போட்ட பால், நெய் ரொட்டி, தயிர்ச்சோறு. சாமியை எழுந்தருளப் பண்ணுவது மாதிரி நாயை எழுந்தருளப் பண்ணினோம். அவன் சுகமாகப் படுத்துக்கொண்டு, ஆள் பார்க்காத நேரத்தில் கட்டை நக்கி நக்கி முட்டையைத் தின்றான். அக்கா வேப்பமரத்துக்கு அப்பால் ஓர் அடி வைக்கவில்லை. செவலை தூங்கினால் அவளும் பக்கத்தில் சுருண்டு படுத்தாள். மாலையில் நான் வந்தால் மார்க்கெட் கதை கிடையாது. அந்தப் பேச்சு நின்றுபோனது எனக்குத்தான் முதலில் உறைத்தது. அத்தானுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் தானாகவே, "இன்னைக்கு வெண்டக்காய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். வெண்டைக்காய் வாங்கி வந்ததே அவர்தான்.

டாக்டர் வரச்சொன்ன நாளில் ஹோல்டாலோடு போனோம். கட்டைப் பார்த்தார். கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"யே க்யா ஹை? ஆம்லெட்?"

கத்தரியால் வெட்டித் துணியைப் பிரித்தார். ஸ்கேல்கள் இரண்டும் தரையில் விழுந்தன. தொடையைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கருவாடு மாதிரி வற்றிப்போய்க் கிடந்தது. டாக்டர் காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். அது பாதி தூரம்தான் போயிற்று. அப்புறம் அவர் திட்டிய திட்டில் வராந்தாவில் நின்ற குதிரை கனைத்தது. படித்தவர்கள்தானே நீங்கள், நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன செய்தீர்கள், இப்படியே விட்டால் இந்தக் கால் விறைத்துக் கட்டையாகிவிடும், அப்புறம் நான் வெட்டினதே வீண் என்றார். அத்தான் குனிந்து ஸ்கேல்களைப் பொறுக்கினார்.

அக்கா முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஹிந்தியை எல்லாம் திரட்டிக்கொண்டு, டாக்டரைப் பார்த்து, "தூ போல். சலேகா?" என்றாள். அவ்வளவு பெரிய டாக்டரை 'டேய், நீ சொல்லு, நடப்பானா' என்று கேட்டது மாதிரி. எனக்கு உயிரே போய்விட்டது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தோம்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, ரொம்ப மெதுவாக, "தும் சலோகி தோ சலேகா" என்றார். நீ நடந்தால் அவன் நடப்பான். வலிக்கும், அழுவான், அழட்டும், நீ நிற்காதே என்றார். படிக்கட்டு ஏற வை, மேட்டில் ஏற வை, தினமும் நேற்றைவிட இன்று கூட என்றார். அக்கா என்னை மொழிபெயர்க்க விடவில்லை.

"எனக்கு வெளங்கிட்டுல. நீ ஹோல்டால மடக்கு" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து நடை. சும்மா சொல்லக் கூடாது, முதல் நாட்கள் பார்க்கச் சகிக்காது. செவலை ஓர் அடிக்கு ஒரு கத்து கத்துவான். அக்கா அவன் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தானும் அழுதுகொண்டே நடப்பாள். "பைய வா ராசா, பைய வா. இன்னும் ஒரு எட்டுதான். எம் பேச்சக் கேளு" என்பாள். அந்தப் பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். வாயில்லா ஜீவனை இந்த மதராசிக்காரி ஏன் இப்படி வதைக்கிறாள் என்று எதிர் வரிசை சூப்பரின்டென்டன்ட் மனைவி சத்தமாகவே கேட்டாள். அக்கா நின்றாள். கண்ணைத் துடைத்தாள். "டாக்டர் போலா! தூ சுப்!" என்றாள். அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெருவே கேட்கிற மாதிரி அக்கா கத்தி நான் தில்லியில் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

படிக்கட்டுக்கு பீஜி பொறுப்பேற்றாள். மாடிப்படியின் உச்சியில் பரோட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "ஆ ஜா பூரே, ஆ ஜா புத்தர்" என்று கூப்பிடுவாள். பஞ்சாபியில் புத்தர் என்றால் மகன். ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டு. செவலைக்கு வலி ஒரு பக்கம், நெய் வாசனை ஒரு பக்கம். நெய்தான் ஜெயித்தது. ஆனாலும் அந்தக் காலை மட்டும் அவன் ஊன்றவில்லை. மூன்று காலிலேயே தத்தித் தத்தி ஏறினான். நாட்கள் போயின. குளிர் ஏறியது. அக்காவுக்குக் கன்னம் ஒட்டிப்போனது. "இவன் கால் ஊனலன்னா நானும் இனி வாசலத் தாண்டமாட்டேன். பாத்துக்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். நான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். அவள் சொன்னால் செய்கிறவள் என்று தெரிந்ததால் பயமாகவும் இருந்தது.

ஒரு காலை. மூடுபனி. நான் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து அக்கா போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல், "ஏங்க! வெரசலா வாங்க!" என்று. அத்தான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடினார். நான் டப்பாவோடு ஓடினேன். எதிர் வரிசை சூப்பரின்டென்டன்டின் ஸ்கூட்டர் சக்கரத்தருகே செவலை நின்றுகொண்டிருந்தான். ஒரு பின்னங்காலைத் தூக்கிச் சக்கரத்தில் நிதானமாக ஒண்ணுக்கு இருந்துகொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண் நாய், காலைத் தூக்கத்தானே செய்யும்?

"எந்தக் கால்ல நிக்கான்னு பாருல, கோட்டிப்பயலே!"

பார்த்தேன். தூக்கியது நல்ல கால். நின்றது வெட்டின கால். நடுங்கிக்கொண்டே, ஆனால் நின்றது. மூன்று பேரும் மூச்சு விடாமல் அவன் முடிக்கிற வரை நின்றோம். முடித்துவிட்டு அவன் அந்தக் காலையும் ஊன்றி, நொண்டி நொண்டி, நாலு காலில் வேப்பமரத்துக்கு நடந்தான். அத்தான் நுரை வழிய நின்றுகொண்டு, தெருவென்றும் பாராமல், அக்காவின் தோளைத் தட்டினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் வீட்டுக்கு வெளியே அக்காவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மாடியிலிருந்து பீஜி "வாஹே குரு!" என்று கத்தினாள்.

அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. தினமும் நேற்றைவிட இன்று கூட என்று டாக்டர் சொல்லிவிட்டாரே! நேதாஜி நகர் தாண்டி, ரிங் ரயில் தண்டவாளம் வரைக்கும் போனாள். வேர்க்கடலை விற்கிற மூங்பலி வண்டிக்காரரிடம் பேரம் பேசினாள். ஏர் கூலருக்குப் புல் தட்டி வைக்கிறவர், கம்பளி பின்னுகிற அம்மாக்கள், யாரைக் கேட்டாலும் "பூரே வாலி மதராசன்" என்றால் தெரியும், பூரா நாய்க்கார மதராசிக்காரி. செவலையின் தொடை மறுபடி சதை போட்டது. கொஞ்சம் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். ஓடும்போது அதுவும் தெரியாது. டாக்டரிடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டினோம். அவர் வராந்தாவில் அவனை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அச்சா, அச்சா" என்றார். பிறகு எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு ஆட்டுக்காரரைத் திட்டப் போய்விட்டார்.

எண்பதுகளின் கடைசியில் செவலை போனான். வயசாகித்தான் போனான். படுத்த இடத்தில், அக்கா கை மேல் தாடையை வைத்துக்கொண்டு. கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்த நான் விடிந்ததும் ஓடினேன். வேப்பமரத்தடியில் நானும் அத்தானும் குழி வெட்டினோம். குவார்ட்டர்ஸில் அப்படிப் புதைக்கக் கூடாது. அத்தான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அக்கா அழவே இல்லை. சாப்பிடவும் இல்லை. முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முடிந்தது, இனிமேல் இவள் வெளியே இறங்கமாட்டாள் என்று நினைத்தேன். அத்தான் சமையலறையில் என்னிடம் தாழ்ந்த குரலில், "இனி காய்கறி நானே வாங்கிருதேன். நீ அவகிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார். அவரும் அதையேதான் நினைத்திருந்தார்.

வெயில் தாழ்ந்தது. அக்கா எழுந்தாள். முகம் கழுவினாள். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டினாள். சங்கிலி கொக்கியில் தொங்கியது, அதை அவள் பார்க்கவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்க வந்த என்னை அத்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் படி இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, திரும்பிப் பாராமல் நடந்தாள். முனையில் மூங்பலி வண்டிக்காரர் வெறும் கையைப் பார்த்துவிட்டு, "பூரா கஹாங்?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. அக்கா நின்று அவருக்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் மேலே நடந்தாள். அத்தான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார்.

விளக்குப் போட்ட பிறகுதான் அவள் வந்தாள். கையில் ஒரு பையில் வெண்டைக்காய். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அவர்கள் ஜனக்புரிக்குக் குடிபோய், அங்கேயும் அவள் தன் கடைசி வருஷம் வரைக்கும் நடந்தாள். அவளும் போய், அத்தானும் போய், வருஷங்களாகிவிட்டன. பீஜி எங்கே போனாளோ தெரியவில்லை. லிஃப்டில் நாயைப் பார்த்த மறுநாள் மெட்ரோ பிடித்து சரோஜினி நகருக்குப் போனேன். மஞ்சள் குவார்ட்டர்ஸ்கள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் இடித்துத் தகரம் அடைத்து, உள்ளே வானத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் வேப்பமரம் இருந்தது என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாட்ச்மேன் வந்து, இங்கே நிற்காதீர்கள், லாரி வரும் என்றான். ஓரமாக நடந்து போகலாம் என்று பார்த்தேன். அக்கா அத்தனை வருஷம் நடந்த வழியில் ஒரு ஆள் நடக்கிற இடம்கூட விட்டுவைக்கவில்லை.